வினாத்தாள் அடுக்கா, ஒரே ஒரு கதைப் புத்தகமா?

நான்ஜிங்கில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் மேல்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. என்னை ‘ஆயீ’ என்பாள். சீனத்தில் அது சித்தி மாதிரி. என் சீன உச்சரிப்பை அவள் திருத்துகிறாள், அவளுக்கு நான் ஆங்கிலம். காசுப் பேச்சு கிடையாது.

செப்டம்பரில் எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. கவ்காவ் எனும் சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வின் பழைய தாள்களை வரிசையாகப் போடுவது ஒன்று. எளிய ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து, இலக்கணத்தையும் வாசிப்பையும் அதிலேயே பழகுவது இன்னொன்று. முதல் இரண்டு மாதம் தாள், அதன் பிறகு ஆறு மாதமாகக் கதை. நான் கதைப் புத்தகத்தின் கட்சி.

தாளின் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆங்கிலத்துக்கு மொத்தம் 150 மதிப்பெண். வாசிப்பில் 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2.5 வீதம் 50. ஒரு சிறு பத்தியில் 10 இடங்களை நிரப்பும் இலக்கணக் கேள்விக்கு 15. நேரத்தைப் பங்கிடுவது தாளைப் போட்டால்தான் கைக்கு வரும்.

சிக்கல் விடை விளக்கத்தில் இருந்தது. வினாத்தாள் தொகுப்பின் பின்பக்கம் பத்தி முழுக்கச் சீனத்தில் பெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். விடையைச் சரிபார்ப்பாள், சீனத்தைப் படிப்பாள், “தோங் லெ”, புரிந்துவிட்டது என்பாள். அங்கே பிள்ளைகள் தவறிய கேள்விகளுக்கென்று தனி நோட்டு வைத்திருப்பார்கள், ‘ட்சுவோ தீ பென்’ என்று. அவளுடையதை ஒருநாள் புரட்டினேன். அழகான கையெழுத்து, இரண்டு நிற மை. உள்ளே இருந்ததெல்லாம் ‘பி இல்லை, சி’, பக்கத்தில் சீனப் பொருள். ஏன் தவறியது என்பதற்கு ஒரு வரி இல்லை. அதே வாக்கியத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் நீட்டினால் மறுபடி திணறினாள்.

எங்கே திணறினாள் என்பதுதான் எனக்கு முடிவைச் சொன்னது. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்தில் ‘வோ ட்சுவோதியன் மாய் த ஷூ’ என்பார்கள். நான், நேற்று, வாங்கிய, புத்தகம்: சொல்லுக்குச் சொல் நம் வரிசையேதான். ஆங்கிலம் புத்தகத்தை முன்னால் வைத்துவிட்டு, ‘தி புக் ஐ பாட் யெஸ்டர்டே’ என்று வாலைப் பின்னால் கட்டுகிறது. அதற்கப்புறம் ‘வாஸ்’ வரும்போது அவள் நின்றுவிடுவாள். ‘பாட்’தான் வினை, வாக்கியம் அங்கேயே முடிந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பாள். ‘தட்’ இருந்தாலாவது ஓர் அடையாளம். அதுவும் விழுந்துவிட்டால் போச்சு. இதை இலக்கணப் பிழை என்பதா, வாசிப்புப் பிழை என்பதா? இரண்டும் ஒன்றுதான். தாளோ அதை இரண்டு பகுதியாகப் பிரித்து வைக்கிறது. சீன விளக்கம் வாலை எடுத்து முன்னால் போட்டுவிடுவதால், இடறிய இடமே கண்ணில் படுவதில்லை. பள்ளி நாளில் நானும் இதே இடத்தில் இடறியவள். அதனால்தான் சட்டென்று பிடிபட்டது.

கதைப் புத்தகத்தில் நாங்கள் செய்தது எளிது. தினம் ஒரு பக்கம். முதன்மை வினைக்கு அடிக்கோடு, வாலுக்குப் பென்சிலால் அடைப்புக்குறி. ஒரு வாரம் கழித்து அதே பக்கத்தின் நகலில் நான் 10 சொற்களை வெள்ளை மையால் மறைத்துத் தருவேன், அவள் நிரப்புவாள். சீனத்தில் வினை காலத்துக்கேற்ப உருமாறாது. ‘போ’ என்பதற்கு நேற்றும் ‘ச்சூ’, நாளையும் ‘ச்சூ’. கதை முழுக்க இறந்தகாலம் என்பதால் அந்த ‘எட்’ விகுதி பக்கத்துக்கு இருபது தடவை கண்ணில் விழுந்தது. இன்னொன்று, பேச்சில் அவனும் ‘தா’, அவளும் ‘தா’. எழுத்தில்தான் வேறுபாடு. அதனால் கதையைத் திருப்பிச் சொல்லும்போது ‘ஹீ’, ‘ஷீ’ கலந்துவிடும். அண்ணன் தங்கை கதையில் அப்படிக் கலந்தால் யார் ஓடிப்போனது என்றே தெரியாது. அவளே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்வாள்.

குறை இல்லாமல் இல்லை. வாரத்துக்கு அரை மணி நேரம் யாராவது உட்கார்ந்து சொல் மறைக்க வேண்டும். தேர்வுக்கான கனமான சொற்கள் எளிய கதையில் வராது. எங்கே ‘எ’, எங்கே ‘தி’ என்பது இன்னும் தகராறுதான்; எனக்கே காது சொல்கிறபடிதான். பிப்ரவரியில் ஒரு பழைய தாளைப் போட்டுப் பார்த்தபோது வாசிப்பில் 20க்கு 16 சரி, அக்டோபரில் 12. வயதும் பள்ளியும்கூட ஒரு காரணமாக இருக்கலாம், ஒரே ஒரு பெண்ணை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் கதையை மூடிவிட்டுத் தாளை எடுங்கள். அப்போதும் சீன மொழிபெயர்ப்பை மட்டும் கிளிப் போட்டு மூடி வையுங்கள்.

அவளுக்கு ஆங்கிலத் தாள் அடுத்த ஆண்டு ஜூன் 8 பிற்பகல். அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து தாள்கள் மட்டும் என்று அவள் அம்மாவோடு ஒப்பந்தம். கதையில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. தங்கை இன்னும் வீடு திரும்பவில்லை.