கீழ்ப் பல்செட்டுக்கு இரண்டு இம்பிளான்ட்: புதுச்சேரியில் அம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சை

கடலூர் முதுநகரில் வசிக்கும் என் அம்மாவுக்கு இரு தாடைகளிலும் பற்கள் இல்லை. மேல் பல்செட் அண்ணத்தை மூடிப் பிடித்துக்கொள்வதால் ஓரளவு நிலைத்து நிற்கிறது. கீழ்ப் பல்செட்டோ பிடிமானத்துக்கான பரப்பு குறைவாக இருப்பதாலும், நாக்கு அதைத் தள்ளிக்கொண்டே இருப்பதாலும், பல்லிழந்த எலும்பு நாளடைவில் தேய்ந்துபோவதாலும் பேசும்போதே மேலெழும்பிவிடும். பசை தடவியும் பயனில்லாமல் போன பிறகே புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு வந்தோம்.

மருத்துவர் முதலில் அம்மா உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கேட்டறிந்தார். எலும்புத் தேய்மானத்துக்குத் தரப்படும் சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடும் என்று விளக்கி, மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்த பிறகே இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். கழற்ற முடியாத நிலையான பல்வரிசையே பொருத்திவிடலாமா என்று நான் கேட்டேன். "அம்மாவுக்குக் கீழே இரண்டு இம்பிளான்ட் போதும். கழற்றிக் கழுவ முடிந்தால் அவங்களே பராமரிச்சுக்கலாம்" என்றார். அதிக விலையுள்ளதை விற்க முயலாத அந்தப் பதிலிலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்களும், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ட்களில் பொருந்தும் பல்செட்டையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தனர்.

டைட்டானியம் எலும்போடு இறுகப் பிணைந்துவிடும் என்பதைக் கண்டறிந்து, 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைப் பொருத்தியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனமார்க். அந்தப் பிணைப்பு உருவாகச் சில மாதங்கள் ஆகும் என்பதால் அம்மாவும் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு பல்செட்டின் அடிப்புறத்தில் பொருத்திய நைலான் வளையங்கள் இம்பிளான்ட் தலைகளில் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. இப்போது அவர் மீன் குழம்புச் சோற்றோடு பண்ருட்டிப் பலாச்சுளையையும் மென்று தின்கிறார்.

நான் இந்த மருத்துவமனையை மதிப்பது அதன் பிறகு அவர்கள் காட்டிய அக்கறைக்காக. இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது; ஆனால் அதைச் சுற்றிப் படியும் கிருமிப்படலம் ஈறை அழற்சியடையச் செய்யும். அந்தக் கட்டத்திலேயே சுத்தம் செய்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு கரையத் தொடங்கும், அதை மீட்பது கடினம். பெரும்பாலும் வலி இல்லாமலே இது வளர்வதால், துலக்கும்போது இரத்தம் கசிந்தாலே வரும்படி அறிவுறுத்தினார்கள். அம்மாவின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, மென்மையான பிரஷ்ஷாலும், கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் பூசிய இடைப்பல் பிரஷ்ஷாலும் இம்பிளான்ட்டின் கழுத்தைச் சுற்றித் துலக்கவைத்து, சரியாக வரும்வரை செவிலியர் பக்கத்திலேயே நின்றார். பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், கொதிநீரில் கழுவக் கூடாது, கீறல் விழும் என்பதால் பற்பசையால் தேய்க்கக் கூடாது என்பவற்றைத் தமிழில் அச்சிட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களே தொலைபேசியில் நினைவூட்டுகிறார்கள். ஈறின் ஆழத்தை அளந்து, தேவைப்படும்போது எக்ஸ்ரே எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. நைலான் வளையங்கள் தேய்ந்து தளரும்போது மாற்ற வேண்டும் என்பதையும் அதற்குத் தனிக் கட்டணம் என்பதையும் தொடக்க மதிப்பீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். முதல் தளத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு லிஃப்ட் இல்லாதது, முதியோருக்கான இந்தச் சிகிச்சையைத் தரும் இடத்துக்குப் பெரிய குறை.

செலவு தாங்காது என்று நினைப்பவர்கள் புதுச்சேரியில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்திலோ சிதம்பரத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியிலோ முதலில் விசாரிக்கலாம். எங்கே செய்துகொண்டாலும், பொருத்தப்படும் இம்பிளான்ட்டின் நிறுவனப் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு மருத்துவரிடம் வளையம் மாற்ற நேர்ந்தால் அந்த விவரம் தேவைப்படும்.