சென்னையா, கிண்டிலா, ஊர் அச்சகமா? யாழ்ப்பாணத்திலிருந்து மர்ம நாவல் எழுதுகிறவரின் கணக்கு

மூன்றாவது நாவலையும் ஊர் அச்சகத்தில்தான் கொடுக்கப் போகிறேன், முதலில் 100 பிரதி மட்டும். இதைச் சொன்னதும் எழுதுகிற நண்பர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: சென்னைக்கு ஏன் அனுப்பவில்லை, குறைந்தது அமேசனின் கிண்டிலில் மின்னூலாகவாவது போட்டிருக்கலாமே என்று. போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. மூன்று வழியிலும் கால் வைத்துப் பார்த்தவன் என்பதால் என் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன். மர்மக் கதை, துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். கவிதைத் தொகுப்புக்கும் ஆய்வு நூலுக்கும் கணக்கு வேறு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். சென்னைப் பதிப்பகம் என்றால் வாசகர் தொகை பெரிது, சொந்தக் காசு போகாது. கிண்டில் என்றால் அச்சுச் செலவே இல்லை, ரொறன்ரோவில் இருக்கிறவரும் அன்றிரவே வாசிக்கலாம். ஊரில் அடித்தால் காசும் எங்களுடையது, சுமையும் எங்களுடையது. இப்படிப் பார்த்தால் ஊர் அச்சகம் கடைசி இடத்தில்தான் நிற்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்னை வழியில் நான் பாதித் தூரம்தான் போனேன், ஆகவே நான் சொல்வதையும் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாவலை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பிடித்திருக்கிறது என்றார்கள், ஆறு மாதம் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. கதிரை நாற்காலியாக மாறியிருந்தது, பொலிஸ் போலீஸாக மாறியிருந்தது. அது பரவாயில்லை, அவர்களுடைய வாசகருக்கு அது தேவை. ஆனால் நீதவான், சட்ட வைத்திய அதிகாரி, திடீர் மரண விசாரணை அதிகாரி மூன்று பேரும் கதையிலிருந்தே காணாமல் போயிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு சடலம் கிடந்தால் நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ வந்து பார்வையிட வேண்டும், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிறகுதான் உடற்கூற்றுப் பரிசோதனை. அந்தக் காத்திருப்புக்குள்தான் என் கதையின் முதல் தடயம் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு டாக்டர் வந்து "விஷம்" என்று சொல்லிவிட்டுப் போனால் கதையில் என்ன மிச்சம்? கொலைக்குப் பழைய இந்தியச் சட்டத்தின் பிரிவான "முன்னூற்றிரண்டு" என்றும் போட்டிருந்தார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் கொலைக்குத் தண்டனை சொல்வது 296 ஆம் பிரிவு. இந்தியாவிலேயே 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தில் அது 103 ஆகிவிட்டது.

நான் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேரும் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒருவரின் நாவலில் ஒரு சொல்கூட மாற்றாமல் போட்டார்கள், ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சியில் அது நன்றாகவே போனது. அவருக்கு இருக்கும் ஒரே கவலை, சொந்த ஊரில் அவருடைய புத்தகம் கிடைப்பதில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரும் விமானமும், 2023 அக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலும் இருந்தாலும் பிரதிகள் இன்னமும் யாராவது ஒருவருடைய பயணப் பெட்டிக்குள்தான் வருகின்றன.

கிண்டிலில் ஒரு குறுநாவல் போட்டேன், 90 நாள். அமேசன் தமிழை ஏற்கத் தொடங்கியது 2016 இன் கடைசியில், அதனால் எழுத்துரு எல்லாம் இப்போது சிக்கல் இல்லை. அமெரிக்கக் கடையில் விலை 2.99 முதல் 9.99 டொலருக்குள் இருந்தால் 70 வீதம் எழுத்தாளருக்கு, இல்லாவிட்டால் 35. சந்தாக்காரர் வாசிக்கிற பக்கங்களுக்கும் காசு வரும், ஆனால் அதற்குச் சேர்ந்தால் அந்த 90 நாளும் மின்வடிவில் வேறு எங்கும் அதைக் கொடுக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது அந்தப் பக்கக் கணக்குத்தான். ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தேன், முதல் நாள் இரவு யாரோ ஒருவர் என் புத்தகத்தை முழுதாக ஒரே மூச்சில் வாசித்திருந்தார். மர்மக் கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர் யார் என்று தெரியாது, அவரோடு கதைக்க வழியில்லை. அடுத்த புத்தகம் வரும்போது அவரை எங்கே போய்த் தேடுவது? இலங்கைக்கென்று அமேசன் கடையும் இல்லை, என் தெருவில் கிண்டில் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. 90 நாளில் வந்த பணம் பெரிதல்ல. ஒரு குறுநாவலை வைத்துக்கொண்டு அந்த வழியையே குறை சொல்வதும் சரியில்லை. ஐந்து, ஆறு புத்தகம் தொடராகப் போட்டால்தான் அங்கே ஆள் சேரும் என்கிறார்கள், அதை நான் செய்து பார்க்கவில்லை.

சரி, ஊர் அச்சகம்.

முதல் நாவலை எல்லோரும் செய்வதுபோலத்தான் செய்தேன். ஆஃப்செட்டில், அதாவது பிளேட் செய்து மொத்தமாக அடிக்கிற முறையில், 500 பிரதி. 500 க்குக் கீழே அடித்தால் தனிப்பிரதிச் செலவு ஏறும் என்று அச்சக அண்ணை சொன்னார், அது உண்மைதான், பிளேட் செலவு 100 பிரதிக்கும் அதேதான், 500 க்கும் அதேதான். நல்லூரில் ஒரு சிறிய மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைத்தேன். மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, மதிப்பீட்டுரை, ஏற்புரை. வந்தவர்கள் என்வலப்பில் காசு வைத்துத் தந்து புத்தகத்தை வாங்கினார்கள், விலையைவிடக் கூடவே வைத்தார்கள். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். அன்றைக்கு மட்டும் 150 பிரதி போனது.

ஆனால் மதிப்பீட்டுரை செய்தவர், நான் பெரிதும் மதிக்கிற ஆசிரியர், கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு போய்க் கொலைகாரன் யார் என்பதையும் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நூல் வெளியீட்டு வழக்கம் சமூக நாவல்களை வைத்து வளர்ந்தது. அங்கே கதை தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை, பாத்திர வார்ப்பும் மண்வாசனையும்தான் பேச்சு. மர்ம நாவலுக்கு அந்த உரை பொருந்தவில்லை. அன்று வாங்கிய 150 பேரில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? பிறகு சந்தித்தவர்களில் பாதிப் பேர் "அன்றைக்கே விளங்கிவிட்டது தம்பி" என்றார்கள். இரண்டாவது புத்தகத்துக்கு விழாவே வைக்கவில்லை. முப்பது பேரைக் கூப்பிட்டு முதல் இரண்டு அத்தியாயத்தை நானே வாசித்து, அதோடு நிறுத்தினேன். வந்தவர்களில் இருபத்தைந்து பேர் அங்கேயே வாங்கினார்கள், ஒரு கிழமைக்குள் போன்கள் வரத் தொடங்கின.

இனி முதல் நாவலின் மிச்சத்துக்கு வருகிறேன். எல்லாம் அங்கேதான் முடிவானது. விழாவில் 150, கடைகள் வழியாக இரண்டு வருடத்தில் 70, அன்பளிப்பு 40. மீதி 240 பிரதி என் வீட்டு முன்னறையில். புத்தகக் கட்டோடு மாரி காலத்தை ஒருமுறை கழித்தவருக்குத்தான் அதன் பாடு தெரியும். ஐப்பசி பிறந்தால் சுவர் ஈரம் கசியும், நிலத்தில் வைத்தால் கறையான், அலுமாரிக்கு மேலே வைத்தால் இராமபாணப் பூச்சி. பலகை அடித்து, பொலித்தீன் சுற்றி, வெயில் வந்த நாளில் பிரித்துக் காயவைத்து, திரும்பக் கட்டி. முதல் மாரியிலேயே அடிக்கட்டில் இருந்த 18 பிரதி ஊதிப்போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் விருந்தாட்கள் வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவார்.

இதைவிடப் பெரிய அடி ஒரு போனில் வந்தது. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தார். "தம்பி, பொலிசுக்குக் குடுத்த குற்ற ஒப்புதலை வச்சு அவனுக்குத் தண்டனை குடுக்கேலாது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கெண்டால் வேற கதை. உம்மட கதையில அது சாதாரணக் கொலை." சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, 1895 இலிருந்து இருக்கிறது. பொலிஸ் அதிகாரிக்குச் சொன்ன குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. என் நாவலின் கடைசி அத்தியாயம் முழுவதும் அதன் மேல்தான் நின்றது. நான் வெட்கப்பட்டேன். திருத்த வேண்டும் என்று துடித்தேன், ஆனால் முன்னறையில் இருந்த அத்தனை பிரதியிலும் அந்தப் பிழை அச்சாகியிருந்தது. அவை முடியாமல் இரண்டாம் பதிப்புக்குக் காசும் இல்லை, மனமும் இல்லை.

அதனால்தான் இரண்டாவது நாவலை, பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 100 ஆக அடித்தேன். தனிப்பிரதிச் செலவு எனக்கு ஒன்றரை மடங்கு வந்தது. எல்லோரும் நிற்பது இந்த இடத்தில்தான், ஆகவே கணக்கைப் பாருங்கள். ஒப்பிடுவதற்காக ஆஃப்செட்டில் ஒரு பிரதி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், உண்மை விலை இதைவிடக் கூட. 500 பிரதிக்கு 50,000. நான் விற்றது 220. ஆக விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் அச்சுக்குப் போனது 227 ரூபாய். டிஜிட்டலில் 150 ரூபாய் வீதம் 100, பிறகு 100, பிறகு 60 அடித்தேன், மொத்தம் 39,000. 260 உம் போனது. ஒரு பிரதிக்கு 150, அவ்வளவுதான். விற்ற பிரதிகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் மிச்சத்தில்தான். முன்னறை காலி, மாரி வந்தாலும் பயமில்லை. முதல் 100 இல் வாசகர்கள் சொன்ன மூன்று பிழைகள் இரண்டாவது 100 இல் இல்லை. அதில் ஒன்று கொடிகாமத்தில் ரயில் நிற்கும் நேரம், அதை வைத்துத்தான் ஒருவன் தப்புகிறான். மர்மக் கதையில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் வாசகர் அடுத்த புத்தகத்தைத் தொடமாட்டார்.

குறைகளும் உண்டு. டிஜிட்டல் அச்சில் அட்டை ஓரம் சீக்கிரம் உரியும், பசைக்கட்டு இறுக்கமாக இருந்தால் முதுகு விரியாது, அதனால் ஒரு மாதிரிப் பிரதியை நடுவில் விரித்துப் பார்த்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் தாள் விலை மாறும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையே தள்ளிப்போனது, அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் 500 ஐ முன்னமே அடித்து வைத்தவர்தான் தப்புவார். கடைகள் விற்பனை விலையில் தங்களுக்கென்று என்னிடம் கேட்ட கழிவு 30 இலிருந்து 40 வீதம், 150 ரூபாய்க் கணக்கில் அது தாங்காது. ஆகவே கடைக்குப் பத்துப் பத்தாகத்தான் கொடுக்கிறேன், மீதி கைவிற்பனை. 1966 இல் மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கிய எழுத்தாளர் டொமினிக் ஜீவா தானே கொண்டுதிரிந்து விற்ற ஊர் இது. கையில் புத்தகத்தோடு ஒருவர் முன்னால் போய் நிற்பதற்கு இங்கே யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். ஆடி, ஆவணியில் வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வருவார்கள், நல்லூர்த் திருவிழா 25 நாள். லண்டனுக்கு ஒரு புத்தகம் அனுப்பும் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டுகிறது, ஆனால் வந்தவர் திரும்பும்போது பெட்டிக்குள் நாலு பிரதி வைத்துக்கொண்டு போவார், ஒன்று தனக்கு, மூன்று அங்கே இருப்பவர்களுக்கு. இரண்டாவது 100 இல் பாதிக்கு மேல் அப்படித்தான் போனது. ஜூலை முதல் கிழமையில் புத்தகம் கையில் இருக்க வேண்டும், புரட்டாதிக்குள் முடித்துவிட வேண்டும்.

நீங்கள் பத்திரிகையில் தொடர் எழுதி ஏற்கெனவே வாசகர் வைத்திருப்பவர் என்றால் ஆஃப்செட்டுக்கே போங்கள், 500 உங்களுக்குப் போகும். வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர் என்றால் கிண்டில்தான் வசதி. ஊரில் இருந்துகொண்டு, ஊர்ப் பொலிஸ் நிலையத்தையும் ஊர் நீதிமன்றத்தையும் கதையில் வைத்து, இரண்டாவது மூன்றாவது புத்தகத்துக்கும் அதே வாசகர் வேண்டும் என்கிறவருக்கு 100 பிரதிதான். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகத் திட்டத்துக்கு மின்பிரதியை எல்லாம் விற்று முடிந்த பிறகு கொடுக்கிறேன், 1981 இல் நூலகம் எரிந்த ஊரில் புத்தகத்தை வீட்டு அலுமாரியை மட்டும் நம்பி விட முடியாது.

மூன்றாவதைப் புரூவுக்கு முன்பே அந்த எழுதுவினைஞர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். 41 ஆம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, "சடலத்தை அடையாளம் காட்டினது ஆர்?" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அதைத் திருத்திவிட்டுத்தான் அச்சகத்துக்குப் போக வேண்டும்.