கண்ணை மறைத்துக் கேட்டால் உண்மை விருப்பம் தெரியுமா?

சிங்கப்பூர் அடெல்ஃபி கட்டடத்தின் ஒலிக்கருவிக் கடைகளில் 600 வெள்ளி ஆம்ப்ளிஃபயரையும் 3,000 வெள்ளி ஆம்ப்ளிஃபயரையும் மாற்றி மாற்றிக் கேட்டால், காதோடு கண்ணும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லும். அதை விலக்கத்தான் மறைகேட்புச் சோதனை. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு: வேறுபாடு தெரிகிறதா என்று பார்ப்பது ஒன்று, எது பிடிக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

ஏபிஎக்ஸ் முறையில் ஏ, பி இரண்டையும் கேட்டபின், எக்ஸ் அவற்றில் எது என்று சொல்ல வேண்டும். 16 முறையில் 12 சரியானால், வெறும் ஊகத்தில் அப்படி அமையும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆம்ப், டேக் (டிஜிட்டல் கோப்பை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவி), எம்பி3 கோப்புகளுக்கு இதுவே பொருத்தம். இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது ஒலியளவில்தான்: சற்றே உரக்க ஒலிப்பது தெளிவாக ஒலிப்பதுபோல் தோன்றும். 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒன்று 2.00 வோல்ட் காட்டினால், மற்றது 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் இருக்க வேண்டும், அதாவது 0.1 டெசிபலுக்குள். (மலிவு மீட்டர்கள் உயர் அலைவரிசையில் பிசகும், அதனால்தான் 100.) 10 விநாடித் துண்டுகளே போதும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) எழும் மீட்டு ஒலி, தம்பூரா ஆகியவை வேறுபாட்டைச் சீக்கிரம் காட்டும்.

12-ஐ எட்டாவிட்டால் வேறுபாடே இல்லை என்று ஆகிவிடாது. அன்று, அந்தக் காதுக்கு, அந்தப் பாட்டில் பிடிபடவில்லை, அவ்வளவுதான். எட்டினாலும், எது பிடித்தது என்று இந்தச் சோதனை சொல்லாது.

விருப்பத்தை அறிய, திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடும் முறைதான் வேண்டும். ஸ்பீக்கருக்கு அதைவிட நேர்மையான வழி இல்லை. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் 40 ஊழியர்கள் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்தும் பார்க்காமலும் மதிப்பிட்டனர். பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகள் ஏறின. சிறிய, மலிவான அமைப்பு இறங்கியது. வீட்டில் செய்வதானால் மெல்லிய துணித்திரை, மோனோவில் ஒரு நேரத்தில் ஒற்றை ஸ்பீக்கர், ஒப்பிடும் இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி வைக்க ஒரு நண்பர். ஒவ்வொன்றையும் குறைந்தது இருமுறை கேளுங்கள்; ஒரே ஸ்பீக்கருக்கு 8-உம் 5-உம் போட்டால் அந்தத் தாளை நம்ப வேண்டாம்.

ஹெட்ஃபோனுக்கு இது பலிக்காது. எடையும் அழுத்தமும் எது என்று காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுமெத்தை வியர்ப்பதும் விருப்பத்தின் ஒரு பகுதிதான். இரண்டு வாரம் பார்த்தே கேளுங்கள்.

திரைச் சோதனையில் வென்ற ஸ்பீக்கரைக்கூட உடனே வாங்கிவிடாதீர்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் டைல்ஸ் தரையும் கான்கிரீட் சுவரும் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, மாற்றிவிடும். வீட்டில் வைத்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள்.