பெட்டி அலறினால் பயமில்லை

"கூடங்குளத்துக்குப் பயந்தா இந்தக் கதிர்வீச்சுக் கருவியை வாங்கினாய்?" என்று என் மச்சான் இன்றும் கேலி செய்கிறான். அந்த அணு உலை கொழும்பிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நான் வாங்கியது பழைய இரும்புக்காக. பேலியகொடையில் நான் வேலை செய்யும் கிடங்கிலிருந்து இரும்பு கப்பல் ஏறுமுன், வெளிநாட்டில் வாங்குபவர் கதிர்வீச்சுச் சோதனை கேட்பார். உடைந்த இயந்திரம் ஒன்றுக்குள் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஒளிந்திருந்தால் உருக்காலையே பாழாகிவிடும். எனவே 2019 இல் கதிர்வீச்சை எண்ணும் ஒரு கைகர் கருவியும், பழைய எரிபொருள் டாங்கிகளை வெட்டுபவர்களுக்காக நான்கு வாயுக்களைக் காட்டும் பெட்டி ஒன்றும் வந்தன. அணுமின் நிலையச் சுவர்களில் பொருத்தும் கருவிகளுக்கு இவை ஏழைச் சொந்தங்கள்.

கைகருக்குள் இருப்பது எஸ்.பி.எம்-20 என்ற சோவியத் காலக் குழாய். கதிர் வகைகளில் காமாவையும் வலுவான பீட்டாவையும் பிடிக்கும். அல்பாவை அறவே பிடிக்காது. முதல் வாரம் என்னைப் பைத்தியமாக்கியது. வெள்ளவத்தை வீட்டு மேசையில் ஒரு நிமிடம் 17 'டிக்', அடுத்த நிமிடம் 27. ஏதோ கசிகிறது என்று நள்ளிரவில் சமையலறை அலுமாரிகளைத் துழாவினேன். கதிர்வீச்சு கூரையில் விழும் தூறல் மாதிரி, எண்ணிக்கை சீராக வராது என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. பத்து நிமிடச் சராசரி எடுத்தால் மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட் அளவில் நின்றுவிடுகிறது.

பேருவளைக் கடற்கரையில் கறுப்பு மணல் திட்டின்மேல் வைத்தபோது ஆறு மடங்கு ஏறியது. அந்த மணலில் கலந்த மோனசைட் கனிமத்திலுள்ள, கதிர்வீச்சு விடும் தோரியத்தின் வேலை அது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலை பற்றி எழுதிப் பெயர் எடுக்குமுன் இந்த நாட்டில் கனிமம் தேடி அலைந்தவர். 1904 இல் தோரியம் நிறைந்த தோரியனைட் கனிமத்தைக் கண்டறிந்தவர். இந்தப் பெட்டியை அவரிடம் கொடுத்திருந்தால் திருப்பித் தந்திருக்க மாட்டார். கருவி வேலை செய்கிறதா என்று நான் சோதிப்பதும் தோரியத்தை வைத்துத்தான்: அப்பாவின் பெட்ரோமக்ஸ் விளக்குக்கு வாங்கி மிஞ்சிய பழைய மென்டில். காலையில் கருவியை அதன்மேல் வைப்பேன். சடசடவென்று பொரிந்தால் வேலைக்குப் போகலாம்.

குறை என்றால் கடற்காற்று. பற்றரி முனைகள் வருடத்துக்கு இரண்டு தடவை பச்சை பூக்கின்றன. வெயிலில் திரை தெரிவதில்லை. துண்டால் மூடிப் பார்க்க வேண்டும்.

வாயுப் பெட்டியின் கதை வேறு. 2022 மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாள் அலுவலக அறையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கான எச்சரிக்கை அடித்தது. ஜெனரேட்டர் ஓடவில்லை, ஓடுவதற்கு டீசல் எங்கே இருந்தது! அடுப்பும் இல்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகு மூலையிலிருந்த இன்வேட்டர் பற்றரிகள் கண்ணில் பட்டன. மின்சாரம் வந்ததும் அவை சார்ஜ் ஏறும்போது ஐதரசனை விட்டிருக்கின்றன. அந்தச் சென்சருக்கு ஐதரசனும் காபனோரொட்சைட்டாகவே தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்தோம். புகுஷிமாவில் 2011 மார்ச் 12 அன்று முதலாம் உலைக் கட்டடத்தின் மேற்பகுதியைப் பெயர்த்ததும் ஐதரசன்தான். குளிர்விப்பு நின்று சூடேறிய எரிபொருள் கோல்களின் சிர்க்கோனியம் உறை நீராவியோடு சேர்ந்ததில் பிறந்தது அது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே எரியும்.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று இன்றும் உறுத்துகிறது. அதே பெட்டியின் எரிவாயுச் சென்சருக்குள் பாசிமணி போன்ற ஒரு சிறிய சூடான மணி இருக்கிறது. வாயு அதன்மேல் எரிந்தால்தான் அளவு ஏறும். சிலிக்கோன் ஆவி பட்டால் அது செத்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுகளுக்கு சிலிக்கோன் ஸ்பிரே அடித்திருக்கிறான். டொலர் தட்டுப்பாட்டில், சென்சரைச் சோதிக்க அடிக்கும் வாயு வராமல் ஐந்து வாரம் கிடந்தோம். வந்த அன்று அடித்துப் பார்த்தேன். திரையில் 0. மறுபடி அடித்தேன். 0. ஒட்சிசன் மட்டும் வழக்கம்போல 20.9 என்று சமர்த்தாக நின்றது. அந்த ஐந்து வாரத்தில் மூன்று டாங்கிகளை வெட்டியிருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சத்தம் போடாவிட்டால் நல்லதுதானே, தம்பி?" என்றார் முதலாளி. அவருக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னேன். அந்த மணியின்மேல் வாயு எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். டாங்கி முழுக்க வாயு நிறைந்து காற்றே இல்லாவிட்டால் நல்ல சென்சரும் குறைத்துத்தான் காட்டும். கைகர் குழாயும் அப்படியே: கதிர்வீச்சு மிகக் கடுமையானால் துடிப்புகளைப் பிரித்து எண்ண முடியாமல் திணறி, சில கருவிகளில் அளவு கீழே விழும். அதனால்தான் உலைக் கட்டடத்துக்குள் கடுமையான அளவுகளுக்கு அயனாக்க அறை என்ற வேறு வகைக் கருவிகளை வைக்கிறார்கள். முதலாளி கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புதிய சென்சர் என்ன விலை?" என்றார்.

சென்சர் வர நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை டாங்கிகளைத் தண்ணீரால் நிரப்பி, வெட்டும் இடத்தை மட்டும் வெளியே விட்டு வெட்டினோம். ஸ்பிரே டின்கள் இப்போது கிடங்கின் மறுகோடியில் பூட்டுப் போட்ட அலுமாரியில் இருக்கின்றன, சாவி என்னிடம். அந்தச் சென்சருக்கும் இப்போது வயதாகிவிட்டது. முதலாளியிடம் விலை சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.