மூச்சு வாங்கும் மீனை "புது இடம், சரியாயிடும்" என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். நோயுள்ள மீனை நல்ல மீன் என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். ஏற்கெனவே நன்றாக இருந்த மீன்களும் சேர்ந்து செத்துப் போயின.

வாங்கியது ஒரு ஜோடி கோமாளி மீன். கடைத் தொட்டியிலேயே இரண்டும் தண்ணீர் வேகமாக வரும் மோட்டார் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தன. செவுள் மூடி படபடவென அடித்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "நேத்துதான் சரக்கு வந்துச்சு, புது இடம், அதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் கடைக்காரர். பல வருடமாகக் கடல்மீன் விற்பவர் என்பதால் அவர் பேச்சை நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் தீனியைத் தொடவில்லை. விளக்கைப் போட்டால் பாறைக்குப் பின்னால் ஒதுங்கின. அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். தோலிலும் துடுப்பிலும் மாவு சலித்துத் தூவியதுபோல மஞ்சள் படிந்த மெல்லிய பொடி. நேராக வெளிச்சம் அடித்தால் அது தெரியவே தெரியாது. படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "சாதா வெண்புள்ளி நோய்தான்" என்று சொல்லி, பவளத்துக்கும் இறாலுக்கும் ஒன்றும் ஆகாத மருந்து என்று ஒரு பாட்டிலையும் விற்றார். அதை ஊற்ற ஊற்ற மீன்கள் போய்க்கொண்டே இருந்தன. இறந்த மீனின் செவுளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அது வெல்வெட் நோய், அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணி என்று தெரிந்தது.

வெண்புள்ளி உப்புக்கல் அளவில் இருக்கும், தனித்தனியாக எண்ணலாம். புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, தொட்டியின் தரையில் பெருகிக்கொண்டிருக்கும். வெல்வெட் அதைவிடப் பொல்லாதது. பெரும்பாலும் செவுளைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் பொடி கண்ணில் படுவதற்கு முன்பே மீன் செத்துவிடலாம். மூச்சு வாங்குவதை யாராவது களைப்பு என்றால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

திரும்பக் கேட்டதற்கு, "உங்க தண்ணி சரியில்ல" என்று பழியை என் மேலேயே போட்டார். என் தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். இறாலும் நத்தையும் ஓடித் திரிகின்றன, பவளம் விரிந்து நிற்கிறது. தண்ணீர் கெட்டிருந்தால் இவையும் அல்லவா வாட வேண்டும்?

இன்னொன்றும் கவனியுங்கள். சில கடைகளில் உப்பைக் குறைத்து, கொஞ்சமாகச் செப்பு மருந்தும் கலந்து வைத்திருப்பார்கள். அந்த அளவு ஒட்டுண்ணியை அடக்கி வைக்குமே தவிர அழிக்காது. மீன் அங்கே பளிச்சென்று இருக்கும், நம் தொட்டிக்கு வந்ததும் நோய் வெளியே வரும். உப்பைக் குறைக்காத கடல்நீரின் அடர்த்தி, நன்னீரை 1 என்று வைத்தால், ஏறக்குறைய 1.025. கடைத் தண்ணீரில் எவ்வளவு, செப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பக்கத்து மீனைவிடச் செவுள் வேகமாக அடித்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.

வீட்டில் வெல்வெட் என்று சந்தேகம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மீன்களைப் பாறை, மணல் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றி, சோதனைக் கிட் வைத்து அளந்து அளந்து செப்பு கொடுக்க வேண்டும். பாறையும் வடிகட்டியில் போடும் கரியும் செப்பை உறிஞ்சிவிடும், இறாலையும் நத்தையையும் அது கொன்றுவிடும். அதனால் பிரதான தொட்டியில் ஊற்றவே கூடாது. உப்பைக் குறைக்கும் வைத்தியம் வெண்புள்ளிக்குப் பலிக்கும், வெல்வெட்டுக்குப் பலிக்காது. பிரதான தொட்டியை ஆறு வாரமாவது மீன் இல்லாமல் காலியாக விடுங்கள். வெண்புள்ளி என்றால் பத்து, பதினோரு வாரம்கூட ஆகும். அதுவரை எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் புது மீன் விடாதீர்கள்.