பெருந்துறை போய் வாங்கிய மூன்று கார்டு

சென்னிமலை மெடிக்கலில் நின்று பிரெக்னன்சி கார்டு கேட்டால், நான் வீடு திரும்புவதற்குள் சேதி மாமியாருக்குப் போயிருக்கும். கவுண்டரில் இருக்கும் பையன் எங்கள் நங்கையா வீட்டுச் சொந்தம். அதனால் பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். மூன்று தடவை போய் மூன்று கார்டு வாங்கியதில் பஸ் காசு போக நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஆனது.

முதல் கார்டு ஒரே கோடு காட்டியது, அதாவது கர்ப்பம் இல்லை என்று. கம்பெனியைத் திட்டிக்கொண்டே குப்பையில் போட்டேன். யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். எல்லோரும் சொல்கிற 28 நாள் கணக்கில் நாலு நாள் தள்ளிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு எப்போதுமே 35 நாள் ஆகும். முட்டை வெளியாவதே பிந்தித்தான். அது கருவாகிக் கர்ப்பப்பையில் ஒட்ட இன்னும் 6 முதல் 12 நாள். ஒட்டிய பிறகுதான், இந்தக் கார்டு தேடுகிற ஹெச்சிஜி என்ற ஹார்மோன் சுரந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கடைக் கார்டுகளில் பலவும் மில்லி லிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவாவது இருந்தால்தான் பிடிக்கும். நானோ மத்தியானமெல்லாம் மோரும் தண்ணீரும் குடித்துவிட்டு, சாயங்காலம் சோதித்தேன். காலையில் எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரில்தான் ஹார்மோன் செறிவாக இருக்கும்.

இரண்டாவது கார்டு கதை வேறு. சித்திரை வெயில், மேற்குப் பார்த்த கடை. கண்ணாடி அலமாரியில் வெயில் நேராக விழுகிற தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருப்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். அந்த கார்டில் 'சி' என்ற இடத்தில்கூடக் கோடு வரவில்லை. 'சி' கோடு கார்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கு. அது வராவிட்டால் கார்டு செல்லாது, கர்ப்பம் இல்லை என்று அர்த்தமில்லை. கவரைத் திருப்பினால் தேதியும் முடிந்து இரண்டு மாதம். அந்தக் கடைப்பக்கம் நான் மறுபடி போகவில்லை.

மூன்றாவது, பிரெகா நியூஸ். இந்தத் தடவை கடையிலேயே தேதி பார்த்தேன், கவர் கிழியாமல் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். உள்ளே கார்டு, குட்டி பிளாஸ்டிக் டிராப்பர், ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம். விடியற்காலை, தயிர் டப்பா மூடியில் பிடித்து, 'எஸ்' என்ற குழியில் மூன்று சொட்டு. ஈரம் வெள்ளைப் பட்டையில் ரோஸ் நிறமாக ஊர்ந்து போனது. இந்த மாதிரி கார்டுகளில் அந்த ரோஸ் பெரும்பாலும் தங்கத் துகள்தான்! கண்ணுக்குத் தெரியாத தங்கப் பொடியில் ஒட்டிய ஆன்டிபாடி என்ற புரதம் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு போக, கர்ப்பத்தைக் காட்டுகிற 'டி' கோட்டில் இருக்கிற இன்னொரு ஆன்டிபாடி அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஐம்பது ரூபாயில் தங்கம் என்று அம்மாவிடம் சொன்னால் நம்பவில்லை.

பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தத்தை எண்ணிக்கொண்டே ஐந்து நிமிடம் ஓட்டினேன். 'சி' பளிச். 'டி'யில் பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒன்று.

"ஏனுங்க மாமா, இது கோடுதானுங்களே?"

வீட்டுக்காரர் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "கோடு மாதிரித்தான் இருக்குது அம்மிணி" என்றார்.

சொன்ன நேரத்துக்குள் நிறத்தோடு வந்த கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான். ஹார்மோன் இன்னும் குறைவு, அவ்வளவே. ஒரு மணி நேரம் கழித்துக் காய்ந்த கார்டில் சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிந்தால் நம்பாதீர்கள். குழந்தைக்காக ஹெச்சிஜி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த மருந்தே பத்துப் பதினாலு நாள் வரை பொய்க்கோடு காட்டலாம். கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கினாலும் இரண்டு கோடுதான் வரும். எங்கே தங்கியிருக்கிறது என்று கார்டுக்குத் தெரியாது, ஸ்கேன்தான் சொல்லும். அதனால் கோடு வந்தபின் அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடுமையாக வலித்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலை சுற்றினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்விடுங்கள்.

கார்டுக்கு என் மார்க் பத்துக்கு எட்டு. டிராப்பரில் ஒரு சொட்டு எது, இரண்டு சொட்டு எது என்று சரியாகத் தெரியவில்லை, அதற்கு ஒன்று குறைத்தேன். அட்டையில் தமிழ் எழுத்து எறும்பு அளவில் இருந்ததற்கு இன்னொன்று. 'டிஜிட்டல்', 'இறக்குமதி' என்று நூற்றுக்கணக்கில் விலை போட்டவை ஆன்லைனில் இருக்கின்றன. எனக்கு அவை தேவைப்படவில்லை.

ஒரு வாரம் கழித்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் பதிவு செய்யப் போனேன். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் தருகிற முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கு 12 வாரத்துக்குள் பதியவேண்டும். நர்ஸம்மா மேஜை டிராயரைத் திறந்து அரசாங்கக் கார்டு ஒன்றை எடுத்துச் சோதித்தார். இந்தத் தடவை இரண்டு கோடும் தடியாக வந்தன. பெருந்துறைக் கதையைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏங்கண்ணு, இங்க வந்திருந்தா சும்மாவே குடுத்திருப்பனல்லோ!"