பூகெட் கிப்பன் மறுவாழ்வு மையம்: கட்டிப்பிடித்துப் படம் எடுக்க முடியாத இடம்

தாய்லாந்தின் பூகெட் தீவின் வடகிழக்கில், காவ் ப்ரா தேயோ காட்டின் பாங் பே அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது இந்த மையம். குரங்கைத் தோளில் ஏற்றிப் படம் எடுக்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தொட முடியாது, தீனி போட முடியாது. மேடையில் நின்றபடி, மரங்களுக்கு நடுவே இருக்கும் கூண்டுகளைத் தள்ளியிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். எங்கள் மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெறுவது இந்தக் கண்டிப்புதான்.

வெள்ளைக்கை கிப்பன் உச்சாணிக் கிளைகளை விட்டு இறங்காத வாலில்லாக் குரங்கு. குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டே வளரும்; அதைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் தாயைச் சுட வேண்டும். விழும்போது குட்டியும் சாவதுண்டு. ஒரு தாய் அடுத்த குட்டி ஈனச் சில ஆண்டுகள் ஆகும். பூகெட்டின் சொந்தக் கிப்பன்கள் 1980களின் தொடக்கத்திலேயே தீர்ந்துபோயின. அதன்பின் படோங் கடற்கரையிலும் மதுக்கடைகளிலும் சட்டை மாட்டிப் படத்துக்குக் காட்டப்பட்டவை வேறு காடுகளிலிருந்து திருடப்பட்ட குட்டிகள். வளர்ந்து கோரைப்பல் வந்ததும் கடிக்கத் தொடங்கும். அப்புறம் ஒன்று பல்லைப் பிடுங்குவார்கள், இல்லை கைகழுவுவார்கள். அப்படி வந்தவற்றுக்காக 1992-ல் தொடங்கியதுதான் இந்த மையம்.

கூண்டைத் திறந்துவிட்டால் காட்டுக்குப் போய்விடும் என்று நினைப்பவர்கள் இங்குள்ள விளக்கப் பலகைகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். முதலில் தனிமைப்படுத்தி ரத்தப் பரிசோதனை. மனிதரிடமிருந்து தொற்றும் ஹெபடைடிஸ் பி, காசநோய் இருந்தால் விடுதலை கிடையாது. நமக்கு உதட்டில் சாதாரணக் கொப்புளம் போட்டுப் போகிற வைரஸே கிப்பனைக் கொன்றுவிடும். பார்வையாளரைத் தள்ளி நிறுத்துவதற்கு இதுவும் காரணம். அடுத்து ஜோடி சேர்ப்பது. கிப்பன் குடும்பமாக வாழ்கிற விலங்கு, தனியாக விட்டால் நிலைக்காது. மனிதரோடு வளர்ந்த குரங்குக்கு இன்னொரு கிப்பனோடு பழகவே தெரியாது என்பதால், ஆண்டுக்கணக்கில் இழுப்பது இந்தக் கட்டம்தான். ஜோடி அமைந்தபின் காட்டுக்குள் கட்டிய கூண்டில் சில காலம் பழக்கி, பிறகு திறந்துவிட்டு, உணவும் வைத்துக் கண்காணிக்கிறார்கள். தரையில் இறங்கி ஆட்களைத் தேடி வருகிற கிப்பன் திரும்பவும் கூண்டுக்குத்தான் வரும். நாம் பார்ப்பவை பெரும்பாலும் இனி காட்டுக்குப் போக முடியாதவை. காரணம் உடல் குறையாகவும் இருக்கலாம், மனநலக் குறையாகவும் இருக்கலாம்.

குறைகள் உண்டு. தன்னார்வலர் யாரும் அருகில் இல்லாவிட்டால் பலகைகளை மட்டும் நம்ப வேண்டும். இலை அடர்ந்திருந்தால் வெறும் கண்ணுக்குப் பாதிதான் தெரியும், பைனாகுலர் கொண்டு போங்கள். காடும் சுமார் 22 சதுர கிலோமீட்டர்தான். ஒவ்வொரு குடும்பமும் தனி எல்லை பிடிக்கும் என்பதால் எத்தனை குடும்பங்களை விட முடியும் என்பதற்கு வரம்பு இருக்கிறது. இது மையத்தின் தவறல்ல.

போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. கிப்பன்களின் பாட்டு அப்போதுதான் கேட்கும். வாடகைக் கார் என்றால் ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது சிரமம். வாசலில் வெளிநாட்டவரிடம் வாங்கும் 200 பாட் நுழைவுக் கட்டணம் காட்டை நிர்வகிப்பவர்களுக்குப் போகிறது, மையத்துக்கு அதில் பங்கில்லை. அதனால் உண்டியலில் தனியாகப் போடுங்கள், அல்லது ஒரு கிப்பனின் பராமரிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளும் திட்டத்தில் சேருங்கள். கோடையில் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும், அதற்காக மட்டும் போகாதீர்கள்.

கடற்கரையில் யாராவது கிப்பனை நீட்டினால் காசு கொடுக்காதீர்கள். இரக்கப்பட்டு விலைக்கு வாங்கி விடுவிப்பதும் கூடாது. அந்தப் பணத்தில் அடுத்த குட்டி வந்துவிடும். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு தாய்லாந்து வனவிலங்குத் துறையின் 1362 எண்ணுக்குச் சொல்லுங்கள்.